மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை

ஏப்ரல் 2, புதன்

காலை 134/86. இனி தினமும் காலையில் ரத்த அழுத்தத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு எண்ணை எழுத இவ்வளவு பெரிய டைரியா என்றேன். "மீதி இடத்துல ஏதாச்சும் எழுது கோதை" என்றார் நல்லசிவம். என் கணவர் ஓவிய ஆசிரியர். எந்தக் காகிதமும் வெள்ளையாகக் கிடப்பது அவருக்குப் பிடிக்காது.

அலுவலகத்தில் இன்று புதுத் திட்டம் பற்றிக் கூட்டம். மேற்பார்வைப் பொறியாளர் தெய்வசிகாமணி சார் சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். பகல் முழுவதும் தாழ்ந்து கிடக்கும் கோடு, மாலை ஆறரைக்கு மேல் செங்குத்தாக ஏறுகிறது.

"பகல்ல சோலார் கரண்ட் கொட்டுது. ஆறு மணிக்கு அது போயிருது. அந்த நேரம் பாத்துத்தான் ஊரே வீட்டுக்கு வந்து ஏசி, மோட்டார், அயர்ன் பாக்ஸ் எல்லாத்தையும் போடுது. இந்த மூணு மணி நேரத்தைத் தாண்டறதுக்குத்தான் நாம சாகறோம்."

சோதனை முயற்சியாகக் காடைத்தோட்டம் பகுதியை எடுத்திருக்கிறார்கள். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். எல்லா வீட்டிலும் புது ஸ்மார்ட் மீட்டர். மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை ஒரு வீடு ஒரு கிலோவாட்டுக்கு மேல் எடுத்தால் மீட்டரே இணைப்பை நிறுத்திவிடும். ஐந்து நிமிடத்தில் தானாக வரும். மூன்று முறை மீறினால் அரை மணி நேரம் வராது.

"இது பவர் கட் இல்லீங்க மேடம், சிக்கனம். ஜனங்க மனசுல அப்படித்தான் பதியணும். அது உங்க பொறுப்பு."

பத்தொன்பது வருடம் புகார்ப் பிரிவில் போன் எடுத்தவள் நான். நிர்வாகம் மாறிப் புது நிறுவனம் வந்தபின் 'மக்கள் தொடர்பு அதிகாரி' என்று தனி அறை தந்திருக்கிறார்கள். எட்டு மாதம் ஆகிறது. 'கரண்ட் இப்ப வந்துருங்க, இப்ப வந்துருங்க' என்று ஊருக்கெல்லாம் சமாதானம் சொன்ன வாயால், இனி குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். மின்சாரம் விற்கிறவர்களே குறைவாக வாங்கச் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பும்படி எழுத என்னால் முடியும்.

ஏப்ரல் 4, வெள்ளி

132/84.

குறுஞ்செய்தி எழுதினேன். தமிழில் எழுபது எழுத்துக்கு ஒரு பகுதி என்று கணக்கு. கொம்பும் காலும் புள்ளியும்கூடத் தனித்தனி எழுத்தாகச் சேரும். எவ்வளவு நறுக்கினாலும் ஐந்து பகுதி வந்தது. நேரம், வரம்பு, மூன்று முறை விதி. கடைசியில்: 'வீட்டில் ஆக்சிஜன் மெஷின் போன்ற மருத்துவக் கருவி இருந்தால் தெரிவிக்கவும், வரம்பு கிடையாது.'

சார் பார்த்துவிட்டு, "இவ்வளவு நீளமா வந்தா யாரும் படிக்க மாட்டாங்க. மூணு பகுதிக்குள்ள முடிங்க" என்றார்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். நேரத்தை எடுக்க முடியாது. வரம்பை எடுக்க முடியாது. மூன்று முறை விதியை எடுத்தால் சண்டை வரும். மருத்துவ வரியை எடுத்தேன். நோட்டீசில் அதைப் பெரிதாகக் கட்டம் கட்டிப் போடப் போகிறேன். நோட்டீஸ் வீடு வீடாகப் போகிறதே. சரியான முடிவுதான்.

ஏப்ரல் 9, புதன்

130/84. காஸ் புக் செய்தேன். மாவு அரைத்தேன்.

காடைத்தோட்டத்து ஒயர்மேன் மாரப்பன் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். பதினோரு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரம் ஆகப் போகிறவர்கள் பட்டியலில் இந்த முறை அவர் பெயரும் இருக்கிறது. நோட்டீசை வீடு வீடாகக் கொடுக்கும் வேலை அவருடையது.

"ஒரே நாள்ல குடுத்துருவனுங்க மேடம். வாங்கி மடிச்சு வெச்சுக்குவாங்க, அதனால கையோட படிச்சும் காட்டிருவேன். எந்த வீட்ல நாய் இருக்குது, எந்த வீட்ல சீக்காளி இருக்குது, எல்லாமே எனக்குத் தெரியுமுங்க."

நல்ல மனிதர். கொஞ்சம் அதிகம் பேசுகிறார்.

ஏப்ரல் 14, திங்கள்

விடுமுறை. 128/82. வேப்பம்பூப் பச்சடி. வெயில் தாங்கவில்லை. மாலை ஏழு மணிக்கு நல்லசிவம் ஏசியைப் போட்டார். "ஊருக்குச் சிக்கனம் சொல்ற வீட்லயே ஏசியா?" என்று அவரே சிரித்தார். எங்கள் தெரு திட்டத்தில் இல்லை என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

136/88. அச்சகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. கொட்டை எழுத்தில் 'காலை ஆறரை முதல்' என்று அச்சாகியிருக்கிறது. மாலை எங்கே போயிற்று? அச்சகத்துக்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார். அதிலும் காலைதான்.

எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன். திங்கட்கிழமை திட்டம் ஆரம்பம். சனிக்கிழமைக்குள் தருவதாகச் சொல்கிறார்.

ஏப்ரல் 19, சனி

வரவில்லை. "கல்யாண சீசனுங்க மேடம், பத்திரிகை வேலையே முடியல" என்கிறார்.

ஏப்ரல் 21, திங்கள்

138/90.

காலை ஒன்பதுக்கு ஆரம்பக் கூட்டம். தலைமை அலுவலகத்தினர் திரையில் இருந்தார்கள். எல்லாம் தயாரா என்று சார் ஒவ்வொருவரையும் கேட்டார். மீட்டர் பிரிவு, கட்டுப்பாட்டு அறை, பிறகு நான். கூட்டம் நல்லபடியாக முடிந்தது.

பதினோரு மணிக்கு மாரப்பன் போன். "நோட்டீஸ் இன்னும் வரலீங்களே மேடம்?"

"நாளைக்கு வந்துரும் மாரப்பன்."

"இன்னைக்கு ஆரம்பிக்கறாங்கன்னு சொல்றாங்க. வாயிலயாச்சும் போய்ச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம். ஆளுக்கொரு மாதிரி சொன்னா குழப்பமாயிரும். நோட்டீஸ் வரட்டும்."

நான்கு மணிக்குக் குறுஞ்செய்தி போனது. ஆறரைக்கு எல்லோரும் கட்டுப்பாட்டு அறையில் கூடினோம். ஏழு மணிக்கு ஏற வேண்டிய கோடு ஏறவில்லை. படுத்தே கிடந்தது. யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். "மேடத்தோட மெசேஜ் வேலை செய்யுது" என்றார் சார். வீட்டுக்கு வரும்போது மல்லிகைப்பூ வாங்கினேன். பூ வாங்கி எத்தனை நாள் ஆயிற்று.

ஏப்ரல் 22, செவ்வாய்

இரண்டு புகார் மட்டுமே. கோடு இன்றும் இறங்கியிருக்கிறது. நோட்டீஸ் வரவில்லை.

ஏப்ரல் 23, புதன்

128/82. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம், என் பெயர் போட்டு. மற்ற ஊர்களுக்கும் இதே குறுஞ்செய்தியை அனுப்பப் போகிறார்களாம்.

மாலை ஐந்துக்கு நோட்டீஸ் வந்தது. நான்கு கட்டு. என் மேசை அருகே வைக்கச் சொன்னேன். காலையில் மாரப்பனுக்கு அனுப்ப வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

நாள் முழுவதும் தலைமை அலுவலகம் கேட்ட அறிக்கை. மதியம் சாப்பிடவே மூன்று மணி. நோட்டீசை நாளைக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 25, வெள்ளி

அளக்கவில்லை.

நேற்று மாலை காடைத்தோட்டம் மூன்றாவது வீதியில் ஒரு வீடு. சென்னியப்பன் என்று பெயர். அறுபத்தொரு வயது. முப்பது வருடம் நூல் மில்லில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப் போனவர். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்து அதில்தான் மூச்சு. அது சின்ன மெஷின், ஒரு மிக்சி அளவுக்குக்கூடக் கரண்ட் எடுக்காது. மெஷினால் வரம்பு மீறவில்லை. சமையல் காஸ் தீர்ந்துபோனதால் அவர் மனைவி ருக்குமணி கஞ்சி வைக்கக் கரண்ட் அடுப்பைப் போட்டிருக்கிறார். நின்றது. ஐந்து நிமிடத்தில் வந்தது. மெஷினும் ஓடியது. கஞ்சி பாதியில் நிற்கிறதே என்று மறுபடி அடுப்பைப் போட்டார். மூன்றாவது தடவை நின்றபோது மணி 7:40. இனி அரை மணி நேரம் வராது என்பது அவருக்குத் தெரியாது.

அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர் போன வாரமே காலி. வழக்கமாகப் போகும் கரண்ட்தான், வந்துவிடும் என்று அந்த அம்மாள் காத்திருந்தார். பக்கத்து வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்த பிறகுதான் பயந்து ஆட்டோவுக்கு ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நினைவில்லை. இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில், செயற்கை சுவாசத்தில்.

அவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். நாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி வீட்டு உரிமையாளர் போனுக்குப் போயிருக்கிறது. அவர் வெளியூரில் இருக்கிறார்.

காலையில் அவசரக் கூட்டம். சார் என்னைப் பார்த்தார்.

"நோட்டீஸ் அந்த வீட்டுக்குப் போச்சுங்களா? நாலு வீதிக்கும் குடுத்தாச்சுன்னு திங்கட்கிழமை சொன்னீங்களே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாரப்பனைக் கேக்கணும் சார்" என்றேன்.

மாலையில் அந்த நான்கு கட்டுகளையும் ஸ்டோர் அறைக்கு மாற்றச் சொன்னேன். என் அறையில் நடக்க இடமே இல்லை.

ஏப்ரல் 26, சனி

152/96.

செய்தித்தாளில் வந்துவிட்டது. திட்டம் நிறுத்தி வைப்பு. நோட்டீஸ் கொடுக்காத ஊழியர்மீது விசாரணை என்று போட்டிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை மாரப்பன் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

ஏப்ரல் 28, திங்கள்

அலுவலகம் சார்பில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவரச் சொன்னார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். மூச்சுக்குக் குழாய் போட்டிருப்பவருக்கு ஆரஞ்சு.

ருக்குமணியம்மாள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, கையில் மருந்துச் சீட்டு.

"கண்ணு முழிச்சாருங்க. என்னைப் பாத்தாரு. பேசல" என்றார். மருந்துச் சீட்டை மடித்தபடி, "யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த அடுப்பைத் தொட்டிருக்கவே மாட்டனுங்க. பழைய சோத்தைக் கரைச்சுக் குடுத்திருப்பேன்" என்றார்.

நான் ஆரஞ்சுப் பையை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"அந்த ஒயர்மேன் தம்பி தினமும் வந்துட்டுப் போறாருங்க. அவருதான் பேப்பர் குடுக்கலைன்னு உங்க ஆபீஸ்ல சொல்றாங்களாம். குடுக்காம விடற ஆள் இல்லீங்களே அவரு. நீங்க யாருங்க?"

"ஆபீஸ்ல இருந்து வர்றேங்க."

பெயரைச் சொல்லவில்லை. அவரும் திருப்பிக் கேட்கவில்லை.

மே 2, வெள்ளி

அழுத்தம் பார்க்கும் கருவியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும். கூழ் காய்ச்சி வடகம் பிழிந்தேன். இரண்டு படி அரிசிக்கு. மொட்டை மாடி முழுக்க வடகம். இவ்வளவு யாருக்கு என்று நல்லசிவம் கேட்கிறார்.

மே 6, செவ்வாய்

இன்று விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து அமலோற்பவம் என்ற அதிகாரி வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குரலை உயர்த்தவே இல்லை. தெய்வசிகாமணி சாரும் உட்கார்ந்திருந்தார். என்னையும் மாரப்பனையும் ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார வைத்தார்கள். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார் மாரப்பன்.

"நோட்டீஸ் உங்க கைக்கு வந்துச்சா?"

"இல்லீங்க அம்மா."

"வரலைன்னா ஏன் கேக்கலை?"

"கேட்டனுங்க. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேடத்துக்குப் போன் பண்ணினேன். நாளைக்கு வந்துரும்னாங்க. வாயில போய்ச் சொல்லட்டுங்களான்னும் கேட்டேன். வேண்டாம்னாங்க."

அமலோற்பவம் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"கேட்டாரா?"

மாரப்பன் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நினைவில்லைங்க" என்றேன். "அன்னைக்கு நிறைய போன் வந்துச்சு."

எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மே 7, புதன்

விடுப்பு. துணி துவைத்தேன். நேற்றுத் துவைத்ததையும் எடுத்துத் துவைத்தேன்.

மே 8, வியாழன்

நிரந்தரப் பட்டியல் வந்துவிட்டது. மாரப்பன் பெயர் அதில் இல்லை. பேருந்தில் பின்சீட்டில் இரண்டு ஊழியர்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

மாலை ஐந்தரைக்கு அலுவலக வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மொபெட். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் கும்பிட்டார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணுமுங்க. நான் போன் பண்ணினது நெசமாவே உங்களுக்கு நெனப்பில்லீங்களா? ரெண்டு நாளா எனக்கே சந்தேகமா இருக்குது. போன் பண்ணாமயே பண்ணினதா நெனச்சுக்கிட்டனோன்னு. போன்ல போய்ப் பாத்தா பழசெல்லாம் அழிஞ்சிருச்சு. வீட்ல கேக்கறாங்க, நெசமாப் பண்ணினியான்னு. தெரியல மேடம். பைத்தியம் புடிச்சாப்பல இருக்குது."

ஜனங்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நினைவிருக்கு" என்றேன். "நீங்க பண்ணினீங்க. பதினோரு மணிக்கு."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போதுமுங்க" என்றார். மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து நல்லசிவத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டோர் அறையில் இருக்கும் கட்டுகளைப் பற்றியும். அவர் தட்டில் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேலை போயிருமா?" என்றார்.

"போகலாம்."

"என் சம்பளம் இருக்கு" என்றார். சாப்பிட்டு முடித்து என் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

மே 9, வெள்ளி

முழுதாக எழுதுகிறேன்.

காலையில் ஸ்டோர் அறையைத் திறந்து ஒரு கட்டு நோட்டீசை நானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். தெய்வசிகாமணி சார் படியில் பார்த்துவிட்டார். கட்டையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"மேடம், ரிப்போர்ட் இன்னைக்கு மத்தியானம் போகுது. இப்ப எதுக்குங்க இது? அவன் ஒப்பந்த ஆளு. ரெண்டு மாசம் போகட்டும், வேற செக்‌ஷன்ல சேத்துக்கலாம், நானே பாத்துக்கறேன். நீங்க போய் இதைச் சொன்னா உங்களோட நிக்காது. மெசேஜைச் சுருக்கச் சொன்னது யாருன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க சார்" என்றேன். "நீங்க சுருக்கச் சொன்னீங்க. எந்த வரியை எடுக்கறதுன்னு முடிவு பண்ணினது நான். ரெண்டையும் சொல்லப் போறேன்."

வழியை விட்டு அவர் நகரவில்லை. நான் சுவரோரமாக ஒதுங்கி ஏறினேன்.

அமலோற்பவம் அம்மா கட்டைப் பிரித்து ஒரு நோட்டீசை எடுத்தார். கட்டம் கட்டிய இடத்தை வாய்விட்டுப் படித்தார். 'உங்கள் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் அல்லது வேறு மருத்துவக் கருவி இருந்தால் உடனே தெரிவியுங்கள். உங்கள் வீட்டுக்கு வரம்பு கிடையாது.'

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். அது பாராட்டு இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். குறுஞ்செய்தியில் வரியை எடுத்தது. காலை என்று அச்சான தாளில் நான் கையெழுத்துப் போட்டது. திங்கட்கிழமைக் கூட்டத்தில், நோட்டீஸ் அச்சகத்தில் இருக்கும்போதே, கொடுத்தாயிற்று என்று சொன்னது. புதன்கிழமை வந்த கட்டுகளை வியாழக்கிழமை அனுப்பாமல் பாராட்டிய தலைமை அலுவலகம் கேட்ட அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தது. அன்று மதியம் அனுப்பியிருந்தால் மாலைக்குள் மாரப்பன் அந்த வீட்டுக்குப் போயிருப்பார். முதலில் அந்த வீட்டுக்குத்தான் போயிருப்பார்.

"செவ்வாய்க்கிழமை ஏன் சொல்லலை?"

"பயந்துட்டேங்க."

"வேலைக்கா?"

"வேலைக்கும். எல்லாரும் கை தட்டினாங்க. அது தப்புன்னு ஆயிரும்னு பயம்."

அவர் ஒரு வெள்ளைத் தாள்கட்டை என் பக்கம் தள்ளினார்.

"உங்க கையாலேயே எழுதுங்க. எதையும் சுருக்க வேண்டாம்."

ஆறு பக்கம் வந்தது.

மே 13, செவ்வாய்

மக்கள் தொடர்புப் பதவியை எடுத்துவிட்டார்கள். மறு உத்தரவு வரும்வரை பழையபடி புகார்ப் பிரிவு. துறை நடவடிக்கை தனியாக நடக்கும். சாருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. ருக்குமணியம்மாளின் மகன் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். கூப்பிட்டால் போக வேண்டும்.

மாரப்பன் வேலைக்குத் திரும்பிவிட்டார். பட்டியலைத் திருத்தத் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார்கள். எப்போது நடக்கும் என்று தெரியவில்லை.

பேட்டரி வாங்கினேன். 140/90.

மே 19, திங்கள்

சென்னியப்பனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முன்பு வாசல்வரை நடந்துவந்து உட்காருவாராம். இனி கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாது. பேச்சு இரண்டொரு வார்த்தைதான். புகார்ப் பிரிவுக்கு வந்த மாரப்பன் இதைப் பக்கத்து மேசை ஊழியரிடம் சொன்னார். எனக்குக் கேட்கும்படி சொன்னாரா என்று தெரியவில்லை.

மே 26, திங்கள்

திட்டத்தை ஜூன் மாதம் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். கைவிடவும் முடியாது. மாலை நேரச் சுமை தாங்காமல் இரண்டு டிரான்ஸ்பார்மர் இந்த மாதம் எரிந்திருக்கிறது. ஆனால் அமலோற்பவம் அம்மா ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் ஆள் நேரில் போக வேண்டும். வீட்டில் இருப்பவரிடம் பேச வேண்டும். படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

வெயிலில் யாரும் முன்வரவில்லை. நான் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். உடன் வருபவர் மாரப்பன்.

மே 28, புதன்

இரண்டு நாளில் தொண்ணூறு வீடுகள். மாரப்பன் முன்னால் நடக்கிறார். வாசலில் நின்று, "அக்கா, ஆபீஸ்ல இருந்து வந்திருக்கோம்" என்று குரல் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். என்னுடன் வேலைப் பேச்சு மட்டும்தான். டீ வாங்கித் தந்தால், "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்கிறார்.

ஒரு வீட்டில் தையல் மெஷினிலிருந்து ஒரு பெண் எழுந்துவந்து சொன்னார்: "ஆறரைக்கு மேல மோட்டார் போடாதீங்கன்னா போடாம இருக்கப் போறோம். பகல்ல தொட்டியை ரொப்பிக்கறோம். இதை மொதல்லயே வந்து கேட்டிருக்கலாமில்லீங்க? எங்ககிட்டக் கேக்காம எங்க வீட்டு கரண்டை எங்கியோ உக்காந்து நிறுத்தினா கோவம் வராதா?"

எழுதிக்கொண்டேன். பத்தொன்பது வருடம் போன் எடுத்தபோது இந்தக் குரல்களை எல்லாம் கேட்டிருக்கிறேன். அறை கிடைத்த எட்டு மாதத்தில் எப்படியோ மறந்திருக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

நானூற்றுப் பதினொரு வீடு முடிந்தது. நூற்று அறுபத்து மூன்று வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் என் குறுஞ்செய்தி வரவில்லை. அப்படியானால் கோடு எப்படி இறங்கியது? மீட்டர் நிறுத்தியதால் இறங்கியது. நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்தபோது எத்தனையோ வீடுகளில் என்ன நடக்கிறது என்று தெரியாமலே இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மருத்துவக் கருவி இருக்கும் வீடுகள் எட்டு. ஒரு பெண் குழந்தைக்கு நெபுலைசர். வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு தறி முதலாளி. இரவில் மூக்கில் மெஷின் மாட்டித் தூங்கும் ஒரு டெய்லர். ஏப்ரலில் அந்த நான்கு மாலைகளும் இந்த எட்டு வீடுகளிலும் எதுவும் ஆகாமல் போனது எங்கள் திறமை இல்லை.

ஒரு வீடு பாக்கி. நாளைக்கு.

ஜூன் 4, புதன்

காலை பத்து மணி. மூன்றாவது வீதி. மாரப்பன் வீதி முனையிலேயே நின்றுவிட்டார்.

"நீங்க போயிட்டு வாங்க மேடம்."

இரும்புக் கேட்டைத் தட்டினேன். ருக்குமணியம்மாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே மெஷின் ஓடும் சத்தம் வாசல்வரை கேட்டது.

"என் பேரு பூங்கோதைங்க. நோட்டீசை அனுப்பாம வெச்சிருந்தது நான்தான்."

"தெரியும். பேப்பர்ல போட்டிருந்துச்சு." கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே. பக்கத்துலயே நின்னீங்க. அன்னைக்கு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணுமுங்க."

"அந்தத் தம்பியை நானும் ஒரு நாள் சந்தேகப்பட்டுட்டேன். ஒரு நாள்தான். அதுவே எனக்கு ஆறல."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தலையை அசைத்து நிறுத்தினார்.

"அதெல்லாம் வேண்டாம். என்ன எழுதணுமோ எழுதிக்கிட்டுப் போங்க. அவருக்குத் துணி மாத்தணும்."

படிவத்தை எடுத்தேன். "வீட்ல இருக்கற கருவியோட பேரு..."

"கருவி பேரு எதுக்குங்க?" குரல் முதல் முறையாக உயர்ந்தது. "இந்த வீட்ல ஒரு மனுசன் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கறார்னு எழுதுங்க. அதை எழுதுங்க முதல்ல."

எழுதினேன். 'இந்த வீட்டில் ஒரு மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்.' கட்டத்தில் அடங்காமல் ஓரம்வரை போனது. அதன் கீழே கருவியின் பெயரையும் எழுதினேன்.

கேட்டின் மேலாகக் கையை நீட்டினார். படிவத்தைக் கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் வைத்து, விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் படித்தார். கையெழுத்துப் போட்டார். திருப்பித் தரும்போது தாளை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"வீட்டுக்காரர் நம்பர் வேண்டாம். என் நம்பரைப் போடுங்க."

பத்து எண்களையும் சொன்னார். எழுதினேன். திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு முறை என்றார். சொன்னேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் தன் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "இப்பக் கூப்பிடுங்க, வருதான்னு பாக்கறேன்" என்றார்.

கூப்பிட்டேன். மணி அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"கேக்குதுங்களா?" என்றேன்.

"கேக்குது" என்றார்.